டிஸ்னி வேர்ல்டில் சாப்பாட்டுச் செலவு: வாசகர் கேள்வி – பதில்

பள்ளி விடுமுறை நெருங்குவதால், ஃபுளோரிடா மாநிலத்தின் ஓர்லாண்டோ நகருக்கு அருகிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டைப் பற்றி இம்மாதம் நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. விமானக் கட்டணத்தையும் நுழைவுச்சீட்டையும் பைசா பிசகாமல் கணக்கிடுகிறவர்கள்கூடச் சாப்பாட்டை மட்டும் 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். அதனால் இந்த முறை உணவு குறித்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். பதில்களில் வரும் கட்டணங்கள் 2024-ஆம் ஆண்டுக்கு உரியவை. நீங்கள் போகும் ஆண்டின் விலையை டிஸ்னியின் இணையதளத்தில் பார்த்து அதே கணக்கில் பொருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான், கணவர், 11 வயது மகன், 6 வயது மகள் என நாங்கள் நால்வர். டிஸ்னியின் ரிசார்ட் ஒன்றில் ஐந்து இரவுகள் தங்கப்போகிறோம். அறையைப் பதிவு செய்யும்போதே, சாப்பாட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டும் டைனிங் பிளானையும் சேர்த்து வாங்கிவிட்டால் மலிவு என்று அலுவலகத் தோழி சொல்கிறார். நாங்கள் அதிகம் சாப்பிடுகிறவர்கள் அல்லர். மது அருந்தும் பழக்கமும் இல்லை. வாங்கலாமா? – வாசகி, டல்லாஸ்

பதில்: உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம். ஆனால் தோழி சொல்வதை முற்றிலும் தவறென்று ஒதுக்கவும் முடியாது. அவர் சாப்பிடும் விதத்துக்கு அது லாபமாக இருந்திருக்கலாம்.

பெருந்தொற்றுக் காலத்தில், 2020-இல் நிறுத்தப்பட்ட இந்தத் திட்டம் 2024 ஜனவரி 9 முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. டிஸ்னியின் விடுதிகளில் தங்குகிறவர்கள் மட்டுமே அதை வாங்க முடியும். இரண்டு வகைகள் உள்ளன. குயிக் சர்வீஸ் பிளானில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் ஒருவருக்கு இரண்டு கவுன்ட்டர் சாப்பாடு, ஒரு நொறுக்குத் தீனி ஆகியவையும், விடுதியில் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளும் ஒரு குவளையும் கிடைக்கும். மற்றொன்றான டிஸ்னி டைனிங் பிளானில் இரண்டு கவுன்ட்டர் சாப்பாட்டில் ஒன்றுக்குப் பதிலாக, மேசையில் அமர்ந்து பரிமாறச் சாப்பிடும் உணவு ஒன்று வரும். திட்டம் திரும்பி வந்த ஆண்டில் முதல் வகைக்குப் பெரியவருக்கு ஓர் இரவுக்கு 57.01 டாலர், குழந்தைக்கு 23.83 டாலர், இரண்டாவதற்கு முறையே 94.28, 29.69 டாலர்.

உங்களுக்கான பொறி வயதில் இருக்கிறது. 3 முதல் 9 வயது வரைதான் குழந்தைக் கட்டணம்; 10 வயது முடிந்தவுடன் டிஸ்னியின் கணக்கில் பெரியவர். ஆகவே உங்கள் 11 வயது மகனுக்கு, அவன் பாதித் தட்டை மிச்சம் வைத்து எழுந்தாலும், அப்பாவுக்கு ஆகும் அதே தொகை. ஒருவர் வாங்கி மற்றவர் வாங்காமல் இருக்கவும் முடியாது. ஓர் அறையில் தங்கும், 3 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் ஒரே திட்டத்தில் சேர வேண்டும். குயிக் சர்வீஸ் பிளானே உங்கள் நால்வருக்கும் ஐந்து இரவுக்கு 974.30 டாலர் ஆகிறது. மேசை உணவுத் திட்டமென்றால் 1,560 டாலரைத் தாண்டும். அதிலும் பரிமாறுபவருக்குத் தரும் டிப்ஸ் சேராது.

இப்போது திட்டமில்லாமல் கையிலிருந்து கொடுத்துச் சாப்பிடும் கணக்கைப் போடுவோம். கவுன்ட்டர் உணவகத்தில் ஒரு முக்கிய உணவைச் சுமார் 14 டாலர் என்றும், பானத்துக்குப் பதில் தண்ணீர் என்றும், நொறுக்குத் தீனியை 6 டாலர் என்றும் வைத்துக்கொண்டால், இரண்டு வேளைக்கு 34 டாலர். அதன் மேல், டிஸ்னி வேர்ல்டின் பெரும்பகுதி அமைந்துள்ள ஆரஞ்சு கவுன்ட்டியின் 6.5 விழுக்காடு விற்பனை வரியைச் சேர்த்தால் 36.21 டாலர். 57.01 டாலரோடு ஒப்பிட்டால் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 21 டாலர் மிச்சமாகிறது. மூன்று 'பெரியவர்'களுக்கு ஐந்து நாளில் அது 312 டாலர். மகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகும்: குழந்தைச் சாப்பாட்டை 9 டாலர் என்று எடுத்தாலும் நாளுக்கு 25 டாலரைத் தாண்டிவிடுவதால், 23.83 டாலர் திட்டம் அவளுக்கு லாபமே. ஆனால் நாளொன்றுக்கு அவளுடைய ஒன்றே முக்கால் டாலர் லாபத்துக்காக மற்ற மூவரும் சேர்ந்து அறுபது டாலரை இழப்பதில் அர்த்தமில்லை.

திட்டம் யாருக்குக் கட்டுப்படியாகும் என்றால், ஒவ்வொரு வேளையும் விலை கூடிய இறைச்சி உணவைத் தேர்ந்தெடுத்து, அதோடு 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதிக்கப்படும் மதுபானத்தையும் வாங்கிக்கொள்கிறவர்களுக்கு. மற்றவர்கள் கடைசி நாளில் ஒரு காட்சியைக் காண்பார்கள். பயன்படுத்தாத வேளைகள் அறையைக் காலி செய்யும் நாளின் நள்ளிரவோடு காலாவதியாவதால், பசியே இல்லாமல் மிட்டாய்ப் பொட்டலங்களாக வாங்கிப் பையில் அடைத்துக்கொண்டு விமானம் ஏறுவார்கள். முன்பணம் கட்டிய உணவு மலிவாகத் தோன்றக் காரணம், சாப்பிடும் நேரத்தில் பணம் கைமாறுவது கண்ணில் படாததுதான்.

சில பருவங்களில் டிஸ்னி இந்தத் திட்டத்தை இலவசமாகத் தருவதாகவும் விளம்பரம் செய்யும். பெரும்பாலும் அப்போது அறை வாடகைத் தள்ளுபடியைச் சேர்த்துப் பெற முடியாது. எது அதிகம் என்று இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நானும் என் கணவரும் முதல் முறையாக அமெரிக்கா சென்று, மகன் குடும்பத்துடன் டிஸ்னி வேர்ல்டு போகிறோம். இருவரும் சைவம், அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். ஊரிலிருந்து பொடி வகைகள் கொண்டுபோகலாமா? புளியோதரை கட்டிக்கொண்டு பூங்காவுக்குள் நுழைய விடுவார்களா? – வாசகி, திருச்சி

பதில்: விடுவார்கள். டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களிலும், சூடாக்கத் தேவையில்லாத வெளி உணவைச் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுசெல்லத் தடையில்லை. பையைத் திறந்து சோதிப்பார்கள். சாப்பாட்டைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார்கள். கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. எனவே ஊறுகாயைச் சிறு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். உணவைக் குளிர்ச்சியாக வைக்க உதிரிப் பனிக்கட்டிக்கும் அனுமதியில்லை. உறைய வைத்து மீண்டும் பயன்படுத்தும் ஐஸ் பேக்கைத்தான் பையில் வைக்க வேண்டும்.

எதைக் கட்டுவது என்பதில் ஃபுளோரிடாவின் கோடையைக் கருதுங்கள். வெயிலும் புழுக்கமும் நம் கடற்கரை ஊர்களைப் போலவே இருக்கும். பிற்பகலில் இடி மழையும் வரும். காலையில் பிசைந்த தயிர்சாதம் ஐஸ் பேக் இல்லாமல் பகல் ஒரு மணிக்குப் புளித்துவிடும். நம் பாட்டிமார் ரயில் பயணத்துக்கு எதைக் கட்டினார்களோ அதுவே இங்கும் சரி: நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, காய்ந்த கறி வைத்துச் சுருட்டிய சப்பாத்தி. உங்கள் கணவருக்கு இவற்றில் சப்பாத்தியும், கூடவே வறுத்த கடலையும் பொருத்தமாக இருக்கும். பகல் 12 மணி முதல் ஒன்றரை வரை உணவகங்களில் வரிசை நீளும் என்பதால், கையில் உணவு இருப்பது பணத்துக்கு மட்டுமன்றி அவருடைய மருந்து நேரத்துக்கும் நல்லது.

ஆனால் பூங்கா வாசலுக்கு முன்பே அமெரிக்கச் சுங்கம் என்ற வாசல் ஒன்று உண்டு. பருப்புப்பொடி, இட்லிப்பொடி போன்ற அரைத்த பொடிகளைப் படிவத்திலோ வாய்மொழியாகவோ அறிவித்துவிட்டுக் கொண்டுசெல்லலாம். பச்சைக் கறிவேப்பிலை, பழங்கள், காய்கறிகள், இந்தியாவிலிருந்து எடுத்துச் செல்லும் அரிசி ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கறிவேப்பிலைக்கு என்ன கெடுபிடி என்று தோன்றலாம். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கும் பசுமை நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் வாழும். ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள் அந்த நோயால் பெரும் இழப்பைக் கண்டவை. அரிசியைத் தடுப்பதும் தானியத்தைத் தாக்கும் ஒரு வண்டுக்காகத்தான். அரிசி உள்ளிட்ட மளிகை ஓர்லாண்டோவிலுள்ள இந்தியக் கடைகளிலேயே கிடைக்கும்.

ஒரு வேளையாவது உள்ளே வாங்கிச் சாப்பிட விரும்பினால், டிஸ்னியின் உணவுப் பட்டியல்களில் பச்சை இலைக் குறி போட்ட உணவுகளைத் தேடுங்கள். அவற்றில் இறைச்சி மட்டுமல்ல, பாலும் முட்டையும்கூட இராது. அனிமல் கிங்டம் பூங்காவிலுள்ள சாட்டூலி கேன்டீனில் சோறும் டோஃபுவும் சேர்த்து ஒரு கிண்ணம் தருகிறார்கள். காரம் போதாது என்றால் உங்கள் பொடி இருக்கவே இருக்கிறது. அனிமல் கிங்டம் என்ற அதே பெயரைக் கொண்ட டிஸ்னி விடுதியில் உள்ள சனா என்ற உணவகத்தில் நான் ரொட்டி வகைகளும் பலவிதச் சட்னிகளும் ஒரே தட்டில் வருகின்றன. அதை இருவர் பகிர்ந்து சாப்பிடலாம். சன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேய்வதைக் காணப் பூங்கா நுழைவுச்சீட்டும் தேவையில்லை.

கேள்வி: டிஸ்னி வேர்ல்டுக்கு அருகிலுள்ள கிஸ்ஸிம்மியில் சமையலறையோடு கூடிய வீட்டை வாடகைக்கு எடுத்தால் சாப்பாட்டுச் செலவே இராது என்கிறார் கணவர். விடுமுறையிலும் நான் அடுப்படியில் நிற்க வேண்டுமா? – வாசகி, சார்லட்

பதில்: நிற்க வேண்டாம். சமையலைப் பகிர்ந்துகொள்ளாத வீட்டில், சமையலறையால் வரும் சேமிப்பு முழுவதும் ஒருவருடைய விடுமுறையிலிருந்து பிடித்தம் செய்யப்படுகிறது. இதை உங்கள் கணவரிடம் என் பெயரைச் சொல்லியே படித்துக் காட்டலாம்.

கணக்காகப் பார்த்தாலும் அவர் சொல்வது பாதிதான் சரி. வெளியே தங்கினால் பூங்காவில் கார் நிறுத்த நாளொன்றுக்கு 30 டாலர் கட்ட வேண்டும். டிஸ்னியின் விடுதியில் தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை, பேருந்தும் இலவசம். நான்கு நாளில் 120 டாலர் வண்டி நிறுத்தத்துக்கே போய்விடுகிறது. இரண்டு குடும்பங்கள் சேர்ந்து எட்டுப் பேர் ஒரே வீட்டில் தங்கினால் அது பொருட்டல்ல; நீங்கள் மூவர் மட்டும் என்றால் யோசிக்க வேண்டும்.

நடுவழி ஒன்று சொல்கிறேன். காலை உணவை மட்டும் தங்கும் இடத்தில் முடியுங்கள். ரொட்டி, பால், பழம், சீரியல் ஆகியவற்றுக்கு அடுப்பே வேண்டாம். டிஸ்னியின் சாதாரண அறைகளிலும் சிறு குளிர்பதனப் பெட்டி இருக்கிறது. மளிகைக் கடைகள் விடுதிக்கே பொருள்களை அனுப்புகின்றன. அல்லது வெளியில், காலை உணவை வாடகையிலேயே சேர்த்துத் தரும் ஓட்டலைப் பாருங்கள். நம்மவர்கள் பலரும் அங்கே வயிறார உண்டுவிட்டுக் கிளம்புவதால் பகல் உணவுக்கு இரண்டு மணி வரை தாக்குப்பிடிக்கிறார்கள். ஓட்டல் அறைக்குள் ரைஸ் குக்கர் வைத்துச் சாம்பார் சாதம் கிளறும் வீரதீரச் செயல் மட்டும் வேண்டாம். விடுதிகள் அதை அனுமதிப்பதில்லை. புகை எச்சரிக்கை மணி அடித்தால் அடுத்த அறைக்காரர்களும் நடைபாதையில் வந்து நிற்பார்கள்.

கேள்வி: கடந்த முறை சாப்பாட்டைவிடக் குடிநீருக்கும் குளிர்பானத்துக்கும்தான் அதிகம் செலவானது. இதற்கு வழி உண்டா? – வாசகர், நியூ ஜெர்சி

பதில்: குளிர்பானம் வழங்கும் எந்தக் கவுன்ட்டர் உணவகத்திலும் ஒரு கோப்பை ஐஸ் தண்ணீர் கேளுங்கள், காசில்லாமல் கொடுப்பார்கள், வேறு எதுவும் வாங்க வேண்டிய கட்டாயமில்லை. அந்தப் பகுதியின் குழாய்த் தண்ணீரில் லேசான கந்தக வாடை இருப்பது பலருக்குப் பிடிப்பதில்லை. ஓர் எலுமிச்சைத் துண்டையோ குளுக்கோஸ் பொடியையோ எடுத்துப் போனால் சரியாகிவிடும். பாட்டில் தண்ணீர் 4 டாலர் என்று வைத்தால், நால்வர் ஆளுக்கு இரண்டு குடித்த நாளில் 32 டாலர் மிச்சம். 20 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கும் நிரப்புக் குவளையை நம்பாதீர்கள். அதை விடுதியில்தான் நிரப்ப முடியும், பூங்காவுக்குள் நிரப்ப முடியாது.

கேள்வி: யுனிவர்சல் ஓர்லாண்டோ என்ற மற்றொரு கேளிக்கைப் பூங்காவிலும் இதே விதிகள்தானா? – வாசகர், அட்லாண்டா

பதில்: இல்லை. அங்கே தண்ணீரும் சிறு தின்பண்டமும் கொண்டுபோகலாம். குடும்பத்துக்கே கட்டிய சோற்று மூட்டைக்கு இடமில்லை. மருத்துவக் காரணத்தால் தனி உணவு வேண்டியவர்களுக்கும் கைக்குழந்தைகளின் உணவுக்கும் விலக்கு உண்டு. ஆகவே இரண்டு இடங்களுக்கும் போகிறவர்கள், கட்டுச்சோறு நாள்களை டிஸ்னிக்கும், வாங்கிச் சாப்பிடும் நாளை யுனிவர்சலுக்கும் ஒதுக்குவது வசதி.

கேள்வி: மிக்கி மவுஸோடு அமர்ந்து சாப்பிட வேண்டும் என்று 5 வயது மகள் அடம்பிடிக்கிறாள். அந்த விலையைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடே இறங்காது போலிருக்கிறது. – வாசகர், சிகாகோ

பதில்: மற்ற வேளைகளில் சேமித்ததெல்லாம் இதற்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கான்டெம்பரரி ரிசார்ட்டில் உள்ள ஷெஃப் மிக்கீஸ் பஃபேயில் இரவு உணவைவிடக் காலை உணவு மலிவு. காலைப் பந்தியின் கடைசி நேரத்துக்கு முன்பதிவு செய்தால், அன்றைய பகல் சாப்பாட்டையும் அதிலேயே முடித்துக்கொள்ளலாம். முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பு திறக்கும். விரும்பிய நேரம் வேண்டுமென்றால் அன்றே முயலுங்கள். 3 வயதுக்குக் குறைந்த குழந்தை உடனிருந்தால் அதற்குக் கட்டணமில்லை. பட்டியலிட்ட விலைக்கு மேல் வரியும், 18 முதல் 20 விழுக்காடு டிப்ஸும் உண்டு. ஆறு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து போனால் 18 விழுக்காட்டை அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள். அதைக் கவனிக்காமல் இரண்டாவது முறையும் டிப்ஸ் எழுதிவிட்டு வருகிறவர்கள் உண்டு. மிக்கி உங்கள் மேசைக்கு வரும்போது மகள் பயந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் கூடும். அதற்குத் தள்ளுபடி கிடையாது.