விசா 2031 வரை, தங்கும் அனுமதி ஆறே மாதம்

கேள்வி: நான் அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். மனைவியின் பிரசவத்துக்காக அம்மாவை பி-2 என்ற பார்வையாளர் விசாவில் அழைத்து வந்தேன். விசாவில் 2031 வரை என்று இருந்ததால் கவலைப்படவில்லை. ஊருக்குக் கிளம்ப வேண்டிய சமயத்தில் அம்மா விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது; பயணத்தைத் தள்ளிப்போட்டோம். எதுவரை இங்கே தங்கலாம் என்று காட்டும் ஐ-94 நுழைவுப் பதிவை இப்போதுதான் பார்த்தேன். அதிலுள்ள தேதி கடந்து 140 நாள் ஆகிறது. உடனே நீட்டிப்புக்கு விண்ணப்பித்தால் போதும் என்கிறார் நண்பர். குடும்ப விசேஷங்களுக்கு அம்மா இனி இங்கே வரவே முடியாதா?

பதில்: முதலில் அம்மாவுக்கு டிக்கெட் போடுங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம். உங்கள் கையில் இருப்பது 40 நாள்தான்.

விசா என்பது வந்து கதவைத் தட்டுவதற்கான அனுமதி மட்டுமே. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை ஐ-94 தேதிதான் சொல்லும். இந்த வித்தியாசம் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் பெற்றோர் நிறையப் பேர். அவர்கள் யாரும் ஏமாற்ற நினைத்தவர்கள் இல்லை. ஆனால் சட்டம் எண்ணத்தைப் பார்ப்பதில்லை, நாளைத்தான் எண்ணுகிறது.

1996-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியின்றித் தங்கியது 180 நாளைத் தாண்டி, அதன்பின் நாட்டைவிட்டுக் கிளம்பினால் 3 ஆண்டு நுழைய முடியாது. ஓராண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 10 ஆண்டு. அம்மா 180-க்குள் கிளம்பிவிட்டால் இந்த இரண்டு தடையும் அவரைத் தொடாது. கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். ஒரு விமானம் ரத்தானால்கூடக் கணக்கு மாறிவிடும். பயணம் செய்யலாமா என்று எலும்பு மருத்துவரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

நண்பர் சொல்வதில் பாதிதான் உண்மை. நீட்டிப்பு மனுவைத் தேதி முடியும் முன்பே போட்டிருக்க வேண்டும். கைமீறிய அசாதாரணக் காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. எலும்பு முறிவை அதற்குக் காட்டலாம். ஆனால் தாமதமாகப் போட்ட மனு நிலுவையில் இருப்பதாலேயே நாள் எண்ணிக்கை நிற்காது. ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்து, கடைசியில் மனு தள்ளுபடியானால் அம்மா 180-ஐத் தாண்டியிருப்பார். அந்த நிலை வரவே கூடாது. நாளை நீங்கள் குடியுரிமை பெற்று அம்மாவுக்குக் கிரீன் கார்டு கேட்கும்போது, இந்தத் தடைக்கு விலக்கு வாங்க அவருடைய கணவரோ பெற்றோரோ அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். மகன் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

180-க்குள் கிளம்பினாலும் ஒரு இழப்பு உண்டு. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலே அந்த விசா தானாகச் செல்லாததாகிவிடும். 2031 என்று அச்சடித்திருப்பதை நம்பி அம்மாவை மறுபடி விமானம் ஏற்றிவிடாதீர்கள். இறங்கிய இடத்திலிருந்தே திருப்பி அனுப்பினால் 5 ஆண்டுத் தடை விழக்கூடும். இந்தியாவில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில், முன்பு அனுமதித்த காலத்தைத் தாண்டித் தங்கியதுண்டா என்று கேட்பார்கள். ஆம் என்றே எழுதுங்கள். பொய் சொன்னது தெரிந்தால் அது வாழ்நாள் தடை. மருத்துவமனைச் சீட்டு, எக்ஸ்ரே, போர்டிங் பாஸ், இந்தியாவில் இறங்கியதும் போடும் முத்திரையின் நகல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். விசா கிடைக்கும் என்று உறுதி தர என்னால் முடியாது. ஆனால் காரணமும் சான்றும் உள்ள உண்மையான பதிலோடு போவதுதான் அம்மாவுக்கு இருக்கும் நல்ல வழி.

அம்மா தங்கிவிட்டதால் உங்கள் எச்-1பி பாதிக்கப்படாது.