கோட்லெஸ் போன் கிணற்றடியில் ஏன் கரகரக்கிறது?
கிளிநொச்சி வீட்டில் நன்றாகப் பேசும் கோட்லெஸ், வளவுக்குள் கிணற்றடிக்குப் போனதும் ஏன் கரகரக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

டெலிபோன் வயர், மேசையில் இருக்கும் பேஸோடு, அதாவது ரிசீவரை வைக்கும் பெட்டியோடு, முடிந்துவிடுகிறது. அங்கிருந்து ரிசீவருக்குக் குரல் போவது வானலையில். உங்களுடையது குரலை எண்களாக்காமல் அப்படியே அலையில் ஏற்றி அனுப்பும் பழைய அனலாக் வகை போலிருக்கிறது. தூரம் கூடக்கூட இரைச்சலும் கூடும். பக்கத்து வீட்டாரும் ஒட்டுக்கேட்கலாம், அது எனக்குப் பிடிக்காத விஷயம்.

1990களில் வந்த டெக்ட் (DECT) என்ற டிஜிட்டல் கோட்லெஸ் முறை குரலை எண்களாக்கி, நொடிக்கு 100 தடவை அனுப்பலும் வாங்கலுமாக மாற்றி மாற்றி விடுகிறது. வெட்டவெளியில் சுமார் 300 மீட்டர், வீட்டுக்குள் 50 மீட்டர் எட்டும். தகரம் அலையை மறிக்கும், பனையோலை வேலி அவ்வளவு மறிக்காது. பேஸைக் கிணற்றுப்பக்க ஜன்னலில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம், கரண்ட் நின்றால் பேஸும் நின்றுவிடும். வயர் போன் ஒன்றையும் வைத்திருங்கள்.