பெயர் தெரியாத சீனத் தற்காப்புக் கலை வரிசையை எப்படி அடையாளம் காண்பது?

பழைய காணொளி ஒன்றில் தாங்கள் கண்ட வரிசையை, அதாவது முன்பே வகுத்த அசைவுகளின் கோவையை, ஒருவர் "டாம் டோய்" என்றும் இன்னொருவர் "டான் டுய்" என்றும் சொன்னதாகவும், எது சரியான பெயர் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரிதான், முன்னது கன்டோனிய உச்சரிப்பு, பின்னது மாண்டரின் உச்சரிப்பு. எனவே காதில் விழும் ஒலியை வைத்துத் தேடுவதைவிட, சொன்னவரிடம் சீன எழுத்திலேயே எழுதித் தரச் சொல்வது நல்லது.

எழுத்து கிடைத்த பிறகும் சிக்கல் முழுதாகத் தீராது. இந்த வரிசையின் பெயரைச் சிலர் "சுண்டி எழும் கால்" என்று பொருள்படும் எழுத்தாலும், சிலர் சாண்டோங் மாநிலத்து லோங்டான் கோயிலை நினைவூட்டும், நீர்மடுவைக் குறிக்கும் எழுத்தாலும் எழுதுகிறார்கள். 1910இல் சாங்காயில் தொடங்கிய ஜிங்வு என்ற தற்காப்புக் கலைச் சங்கத்தின் அடிப்படைப் பாடங்களுள் இது பன்னிரண்டு "பாதை" கொண்டது. சீன முஸ்லிம்களான ஹுய் மக்களிடையே வழங்குவதோ பத்துப் பாதை கொண்டது. பாதை என்பது, ஒரு சிறு அசைவுத் தொடரை வலமும் இடமுமாக மாற்றி மாற்றிச் செய்துகொண்டே கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்வதாகும்.

பெயரை நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன். கோலாலம்பூரில் நான் பயின்ற வரிசையின் பெயர் "லோஹான்", அதாவது ஞானமடைந்த பௌத்தத் துறவியின் பெயர். அதே பெயரைச் சொன்ன வேறொரு கூடத்து மாணவரோடு சேர்ந்து செய்து பார்க்கலாம் என்று நின்றபோது, வணக்கம் முடிந்த மூன்றாவது அசைவிலேயே அவர் கிழக்கே போனார், நான் மேற்கே போனேன். பல பள்ளிகள் தத்தம் வரிசைகளுக்கு இந்தப் பெயரை இட்டிருக்கின்றன என்பது அதன் பிறகே எனக்குத் தெரிந்தது.

கால் போகும் தடம் அவ்வளவாகப் பொய் சொல்வதில்லை. ஹுங் கா பள்ளியில் புலியை அடக்கும் வரிசை ஒன்று உண்டு. அதன் பெயரிலேயே "கோங்" என்ற எழுத்து வருகிறது. எங்கள் சிஃபு (ஆசான்) சாக்குக்கட்டியால் தரையில் மேலே ஒரு கிடைக்கோடு, நடுவே ஒரு செங்குத்துக்கோடு, கீழே ஒரு கிடைக்கோடு என அந்த எழுத்தை வரைந்து, அதன்மேல் எங்களை நடக்கவிட்டார்; பயிற்சி முடிந்தபோது பாதி எழுத்து எங்கள் செருப்படியில் ஒட்டியிருந்தது.

தொடக்க அசைவும் நல்ல சான்று. தைச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையில் "சிட்டுக்குருவியின் வாலைப் பிடித்தல்" தொடக்கத்திலேயே வந்தால் யாங் மரபை நினைக்கலாம். முதலில் ஒரு காலை உயர்த்தி, உரலில் இடிப்பதுபோல முஷ்டியை உள்ளங்கையில் இறக்கினால் அது பெரும்பாலும் சென் மரபு. "ஒற்றைச் சாட்டை" மட்டும் தெரிந்தால் போதாது, அது இரண்டிலும் உண்டு. அசைவுகளின் எண்ணிக்கையையும் அதிகம் நம்ப வேண்டாம்; யாங் நெடுவரிசை ஒன்றையே, திரும்ப வருபவற்றைக் கணக்கிடும் முறையைப் பொறுத்து, 85 என்பாரும் உண்டு, 108 என்பாரும் உண்டு.

தங்கள் காணொளியில் எத்தனை வெவ்வேறு தொடர்கள் (பாதைகள்) வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு என்றால் முதலில் ஜிங்வு வழியினரிடமும், பத்து என்றால் ஹுய் மரபினரிடமும் விசாரிக்கலாம். அதுவரை கோப்புக்கு "டான் டுய், கூடம் தெரியாதது" என்று பெயரிட்டு வையுங்கள்.