பிடித்த எழுத்தாளரும் தொழில் ஆதர்சமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 31. அலுவலக வேலையோடு எழுதி வருகிறேன். ஏழு சிறுகதைகள் அச்சாகியிருக்கின்றன. எழுத்தைத் தொழிலாகக் கருதுபவர் ஓர் எழுத்தாளரை ஆதர்சமாக வரித்துக்கொள்ள வேண்டும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, புதுமைப்பித்தனைத்தான் எடுத்துக்கொண்டேன். அண்மையில் அனுப்பிய கதை, 'இது உங்கள் குரல் இல்லை' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகு எதுவும் எழுத ஓடவில்லை. ஆதர்சம் என்று ஒருவர் தேவைதானா? தேவையென்றால் எப்படித் தேர்ந்தெடுப்பது? உயிரோடிருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

தேவைதான். ஆனால் நீங்கள் எடுத்துக்கொண்டது உங்களுக்கு மிகவும் பிடித்த எழுத்தாளரை. தொழில் ஆதர்சம் வேறு. பிடித்த எழுத்தாளரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, ஏதோ ஒரு வயதில் அவர் வந்து நம்மைப் பிடித்துக்கொள்கிறார். ஆதர்சத்தை உட்கார்ந்து, விவரங்களைப் பார்த்து, யோசித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவரிடம் நீங்கள் கற்கப்போவது வேலை செய்யும் விதத்தை. ஒரு நூலுக்கும் அடுத்ததற்கும் எத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டார், பிழைப்புக்கு என்ன செய்தார், நாளின் எந்த நேரத்தில் எழுதினார், யாரும் கவனிக்காத நூலுக்குப் பிறகு எதை எழுதினார், பத்திரிகை ஆசிரியர்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்பவைதான் பாடம்.

இந்தக் கேள்விகளைப் புதுமைப்பித்தனிடம் கேட்டுப் பாருங்கள். 1906இல் பிறந்தார், 1948இல் காசநோயால் இறந்தார். நாம் இன்றும் வியக்கிற அந்தக் கதைகளெல்லாம் சுமார் பதினைந்து ஆண்டுக்குள் எழுதப்பட்டவை. நடுவில் பத்திரிகை வேலை, பிறகு சினிமா. மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்களைப் படித்தால் பணம் எப்போது கைக்கு வரும் என்ற கவலை திரும்பத் திரும்ப வரும். வறுமைதான் அவர் எழுத்துக்கு உரம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அது அவரைப் பாதியில் நிறுத்தியது. வாசகராக அவரை நீங்கள் ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக வேலையோடு இன்னும் முப்பது நாற்பது ஆண்டு எழுத நினைக்கிறவருக்கு வேறொருவர் வேண்டும்.

தேர்வில் நான் முதலில் பார்ப்பது பதிவுகளை. கடிதம், நாட்குறிப்பு, தன்வரலாறு, கைப்பிரதி, கணக்கு என்று ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும். நேர்காணலில் மட்டும் பேசிவிட்டுப் போனவரிடம் கற்பது கடினம். நேர்காணலில் எல்லோரும் நன்றாகத்தான் எழுதியிருப்பார்கள். அடுத்து, இருபது ஆண்டுக்குக் குறையாத எழுத்து வாழ்க்கையும் அதில் இரண்டு மூன்று வெளிப்படையான தோல்விகளும். தோல்வியே இல்லாதவரின் வாழ்க்கையில் உங்களுக்குத் தேவையான பக்கம் இருக்காது. மூன்றாவது, அவருடைய நிலைமை உங்களுடையதோடு பெரிதும் பொருந்த வேண்டும். பரம்பரைச் சொத்தில் வாழ்ந்தபடி ஐந்து ஆண்டுக்கு ஒரு நாவல் செதுக்கிய பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேரின் கால அட்டவணை, காலையில் வேலைக்கு ஓடுகிறவரைக் குற்றவுணர்வில்தான் தள்ளும். வடிவமும் பொருந்தினால் நல்லது. சிறுகதைக்காரர் நாவலாசிரியரை எடுத்துக்கொண்டால் வேகக் கணக்கு தப்பாகும்.

இந்தச் சோதனைகளில் ஏறக்குறைய முழு மதிப்பெண் வாங்குகிறவர் ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிராலப். 1834இல் 19 வயதில் அஞ்சல் துறையில் சேர்ந்து 1867 வரை அங்கே இருந்தார். அந்த வேலையில் இருந்துகொண்டே பெரும் நாவல்களை எழுதினார். மொத்தம் 47 நாவல்கள். காலை 5.30க்கு மேசையில் இருப்பார். தன்னை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்கென்றே வேலைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். முதல் அரை மணி, முந்தைய நாள் எழுதியதை வாசிப்பது. பிறகு கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல். ஒவ்வொரு நாவலுக்கும் வாரவாரியாக ஒரு குறிப்பேடு, நாளுக்கு எத்தனை பக்கம் என்று பதிவு. பக்கத்துக்கு 250 சொல் என்ற கணக்கில் வாரத்துக்குச் சராசரியாக 40 பக்கம். குறைந்தது 20, ஒருமுறை 112. ரயிலில் போகும்போது மடியில் பலகை வைத்துப் பென்சிலால் எழுதினார், மனைவி படியெடுத்தார்.

ஆனால் அவரிடம் நீங்கள் கற்க வேண்டியது இந்த உச்ச வேகத்தை இல்லை. 1847இல் அவருடைய முதல் நாவல் வந்தது, யாரும் கவனிக்கவில்லை. அடுத்த இரண்டும் அப்படியே. ஓரளவு பெயர் வாங்கித் தந்த நான்காவது நாவல் 1855இல் வந்தபோது அவருக்கு 39 வயது. அதற்கு அந்த ஆண்டு கிடைத்தது 9 பவுண்டு 8 ஷில்லிங் 8 பென்ஸ். இந்த எட்டு ஆண்டில் அவர் என்ன செய்தார் என்று பார்ப்பதுதான் உங்களுக்கான படிப்பு.

எனவே பெயரை முடிவு செய்ததும் ஒரு பெரிய தாளில் வாழ்க்கை அட்டவணை போடுங்கள். ஆண்டு, வயது, பிழைப்பு, எழுதியது, வெளியானது, தெரிந்தால் வருமானம் என ஆறு பத்தி. எழுதிய ஆண்டும் வெளியான ஆண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும், இடைவெளியில்தான் காத்திருப்பு தெரியும். பிறகு உங்கள் வயதுக்குரிய வரிசையை மட்டும் பாருங்கள். புகழின் உச்ச ஆண்டுகளோடு தன்னை ஒப்பிட்டுச் சோர்ந்து போவதுதான் பெரும்பாலோருக்கு நேர்வது. 31 வயதை எட்டியபோது டிராலப்பிடம் அச்சான நூல் ஒன்றுகூட இல்லை. அமெரிக்கத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர் 1932இல் எண்ணெய் நிறுவன வேலையை இழந்து, மறு ஆண்டு முதல் துப்பறியும் கதையை வெளியிட்டபோது 45 வயது. அந்த ஒரு கதைக்கு ஐந்து மாதம் ஆனது. முதல் நாவல் வந்தது 50 வயதில். வயதுப் பத்தி தரும் நிதானத்தை எந்த அறிவுரையும் தராது.

பழக்கத்தை அப்படியே தூக்கி வராதீர்கள், உங்கள் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். டிராலப்பின் 250 ஆங்கிலச் சொல். தமிழில் வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிவிடுவதால் அதே விஷயம் இன்னும் குறைந்த சொற்களில் முடியும். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு முக்கால் மணி. முதல் பத்து நிமிடம் முந்தைய பகுதியை வாசிக்க, மீதியில் 200 சொல். வாரத்துக்கு 1,000, அதாவது 2,500 சொல் கதையின் முதல் வரைவுக்கு இரண்டரை வாரம். ஒரு நாள் தவறினால் மறுநாள் 400 எழுதி ஈடுகட்ட முயலாதீர்கள். அந்த 400 தட்டையாக வரும், அதைக் கண்டு மூன்றாம் நாளும் போய்விடும்.

வாக்கியப் பயிற்சியும் வேண்டுமென்றால் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன்வரலாற்றில் சொல்லும் முறை இருக்கிறது. தனக்குப் பிடித்த பத்திரிகைக் கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்துக்கும் சிறு குறிப்பு எழுதி, சில நாள் ஒதுக்கி வைத்து, மூலத்தைப் பார்க்காமல் முழுக் கட்டுரையாக எழுதி, பிறகு ஒப்பிட்டுத் திருத்தினார். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப் போட்டு, சில வாரம் கழித்து வரிசைப்படுத்திப் பார்த்தார். சாண்ட்லரும் இன்னொரு துப்பறியும் எழுத்தாளரான எர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் ஒரு குறுநாவலை விரிவாகச் சுருக்கி, அதிலிருந்து திரும்ப எழுதி ஒப்பிட்டுத்தான் கற்றார்.

நீங்கள் செய்யும்போது 150 முதல் 200 சொல் உள்ள பகுதி போதும். ஒருவர் அறைக்குள் வந்து பேசிவிட்டுப் போவது போன்ற சாதாரணப் பகுதியாக இருக்கட்டும். புகழ்பெற்ற பத்திகள் வேண்டாம், அவை ஏற்கெனவே மனப்பாடம். குறிப்பு மூன்று நான்கு சொல்லைத் தாண்டினால் மூலத்தின் நடை குறிப்பிலேயே ஏறிவிடும். அன்றே எழுதினால் நினைவுதான் எழுதும், குறைந்தது நான்கு நாள் விடுங்கள். ஒப்பிடும்போது உவமையையும் அடைமொழியையும் விட்டுவிடுங்கள். எந்தத் தகவலை முன்னால் வைத்தார், எங்கே வாக்கியத்தை முடித்தார், நீங்கள் சொன்னதில் எதை அவர் சொல்லவே இல்லை என்று பாருங்கள். அதிகம் கற்பது இந்தக் கடைசிக் கேள்வியில்தான். வாரம் ஒன்று, பத்து வாரம், பிறகு நிறுத்திவிடுங்கள்.

இந்தப் பயிற்சிக்கு, நடை நம் எழுத்தில் தொற்றிக்கொள்ளாத ஒருவர் வேண்டும். தமிழில் எனக்கு உடனே தோன்றுவது அசோகமித்திரன். 1966 வரை ஜெமினி ஸ்டுடியோவில் வேலை, பிறகு எழுத்தையே நம்பி வாழ்ந்தார். கணையாழி இலக்கிய இதழின் ஆசிரியப் பொறுப்பை நெடுங்காலம் பார்த்தார், ஆங்கிலத்திலும் எழுதினார். 2017இல் இறக்கும்வரை அறுபது ஆண்டுக்கு மேல் நீண்ட எழுத்து வாழ்க்கை. வேலை பார்த்த காலத்தைப் பற்றி அவரே எழுதிய கட்டுரைகள் உள்ளன. பெரும்பாலும் சிறுகதைக்காரர். உங்களுக்கு அவரையே பரிந்துரைப்பேன், டிராலப்பை நேரக் கணக்குக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கு மேல் போனால் ஒருவர் சொல்வதை இன்னொருவரைக் காட்டித் தட்டிக்கழிக்கத் தொடங்குவோம்.

திரும்பி வந்த கதையை எரிக்க வேண்டியதில்லை. புதுமைப்பித்தனிடமிருந்து தொற்றுவது பெரும்பாலும் மூன்று: கதைசொல்லியின் கிண்டலான குறுக்கீடு, சட்டென்று பேச்சுநடைக்குத் தாவுவது, வாக்கியத்தை வெட்டி நிறுத்துவது. குறுக்கீடுகளை முதலில் அடித்துவிட்டு, கதை நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மற்ற இரண்டையும் திருத்தலாம். விழுந்துவிட்டால் அந்தக் குரல்தான் கதையாக இருந்திருக்கிறது, அடுத்ததற்குப் போங்கள். எழுதும் நாளில், எழுதி முடிக்கும்வரை அவரை வாசிக்காதீர்கள்.

உயிரோடிருப்பவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தடையில்லை, ஆனால் இரண்டு இடைஞ்சல். அவருடைய கடிதங்களும் கணக்குகளும் இன்னும் வெளியே வந்திருக்காது. அதைவிட, அவருடைய பாராட்டு ஒருநாள் கிடைக்கும் என்ற ஆசையில் நீங்கள் அவருக்காகவே எழுத ஆரம்பிப்பீர்கள். அப்படியும் ஒருவரை எடுத்துக்கொண்டு கடிதம் எழுதினால் முதல் கடிதத்தில் உங்கள் கதையை இணைக்காதீர்கள். அட்டவணையில் நிரப்ப முடியாத ஒரே ஒரு கட்டத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள்: 'உங்கள் இரண்டாவது நூலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஆறு ஆண்டு இருக்கிறதே, அப்போது என்ன எழுதிக்கொண்டிருந்தீர்கள்?' இப்படிப்பட்ட கேள்விக்கு எழுத்தாளர்கள் பதில் எழுதுவார்கள்.