வானத்து இரும்பு வீட்டுக்கு ஆகாதா?

கேள்வி: வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளை விண்கல்லில் செய்த மோதிரம் எடுத்து வைத்திருக்கிறாராம். இவளும் ஸ்புட்னிக் செய்மதி மாதிரி ஒரு பதக்கம் வேணும் என்று நிற்கிறாள். வானத்திலிருந்து விழுந்தது வீட்டுக்கு ஆகாது என்கிறார்கள் சொந்தக்காரர். இந்த விண்வெளி நகையெல்லாம் எங்களுக்குத் தேவையா?
- வாசகி, கல்லாறு

பதில்: உங்கள் கல்யாண அல்பத்தை ஒருமுறை திறந்து பாருங்கள், சகோதரி. நெற்றிச்சுட்டிக்கு ஒரு பக்கம் சூரியன், மறுபக்கம் பிறை வைத்துத்தான் உங்களையும் மணவறையில் இருத்தியிருப்பார்கள். கிரகத்துக்கு ஒன்றாக ஒன்பது கல் பதித்த மோதிரம் போட்டவர்கள் உங்கள் ஊரிலேயே எத்தனை பேர்! வானத்தை உடம்பில் அணிந்து பழகியவர்கள் நாங்கள். மகள் கேட்பதும் அதே ஆசைதான்.

'ஆகாது' என்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். எகிப்தில் கெர்சே என்ற இடத்துக் கல்லறைகளில் 1911இல் இரும்பு மணிகள் கிடைத்தன. 5,000 வருடத்துக்கு மேற்பட்டவை. மண்ணிலிருந்து இரும்பை உருக்கி எடுக்கத் தெரியாத காலம் அது. விண்கல் இரும்பைத் தட்டித் தகடாக்கி, குழாய் மணியாகச் சுருட்டி, தங்க மணிகளோடு கோத்திருக்கிறார்கள். அந்தத் தங்கம் மட்டும் எங்கிருந்து வந்தது? பூமி பிறக்கும் முன்பே விண்மீன்களின் வெடிப்பிலும் மோதலிலும் உண்டானதுதான். 2017 ஆகஸ்ட் 17ஆம் திகதி இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் (பெரிய விண்மீன் வெடித்த பின் மிஞ்சும் அடர்ந்த கருக்கள்) மோதிய அதிர்வு இங்குள்ள கருவிகளில் பதிவானது. தங்கம் போன்ற பாரமான தனிமங்கள் அப்படியும் பிறக்கின்றன என்பதற்கு அந்த மோதலின் ஒளியே சாட்சி சொன்னது. வானத்துப் பொருள் ஆகாது என்றால் தாலிக்கொடியும் ஆகாது. சனி தோசம் போக்கும் விண்கல் என்று யாராவது விலை பேசினால் வாசலிலேயே அனுப்பி விடுங்கள்.

என்னுடைய கவலை வேறு. சென்ற மாரியில் நண்பர் ஒருவர் அப்படியொரு மோதிரத்தோடு அலுவலகத்துக்கு வந்தார். கழற்றித் தரச் சொல்லிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், பன்பாயின் பின்னல் போலக் குறுக்கும் மறுக்குமாகக் கோடுகள். விண்ணில் பல இலட்சம் வருடங்களாக, கொஞ்சம் கொஞ்சமாக ஆறிய, இரும்பும் நிக்கலும் கலந்த உலோகத்தில் மட்டுமே அந்தக் கோலம் விழும். அமிலத்தில் தோய்த்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். எந்தப் பட்டறையிலும் அதை உண்டாக்க முடியாது. பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. ஆனால் உள்விளிம்பைத் திருப்பினால் மயிரிழை போல ஒரு செந்நிறக் கோடு. துரு! இரும்பு இரும்புதானே. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற உங்கள் ஊரின் உப்புக்காற்று அதைச் சும்மா விடாது. அதனால் உட்பக்கம் முழுதும் தங்கத்தால் வளையம் போடச் சொல்லுங்கள். நிக்கல் சிலருக்குத் தோலைக் கடிக்கும், அதற்கும் இதுவே காவல். கடலில் குளிக்கும்போது கழற்றி வைக்க வேண்டும். அப்புறம், அது எந்த விண்கல் என்று மாப்பிள்ளை கடையில் கேட்கட்டும். நமீபியாவின் கிபியோன், சுவீடனின் முவோனியோனலுஸ்டா என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பெயர் சொல்ல முடியாத கடையில் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுப்பது நல்லது. எஃகில் லேசரால் கோடு கீறியும் விற்கிறார்கள்.

பதக்க விசயத்தில் நான் மகளின் பக்கம். 1957 ஒக்டோபர் 4இல் ரஷ்யர்கள் ஏவிய ஸ்புட்னிக் 58 சென்ரிமீற்றர் உருண்டை, அதில் நான்கு நீண்ட கம்பிகள், அவ்வளவுதான். அதைக் கண்ட சூட்டில் மேற்கில் புரோச்சும் தோடும் நாலாபக்கமும் கதிர் நீட்டிக்கொண்டு வந்தன. அந்த அழகு இன்னும் பழசாகவில்லை. கொழும்பில் தேடி அலைய வேண்டாம். படத்தைக் காட்டினால் எங்கள் பத்தர்மாரே செய்து தருவார்கள். அச்சில் வார்த்த நகை வந்து அவர்களின் கைவேலை குறைந்துபோன காலம் இது. இந்த வேலையாவது அவர்களுக்குப் போகட்டும். பவுணை எண்ணிப் பயப்படவும் வேண்டாம். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் 18 கண்ணாடிகளுக்கும் பூசிய தங்கம் 48 கிராம் சொச்சம், எங்கள் கணக்கில் ஆறு பவுண். உருண்டையை உள்ளே கூடாக அடித்தால் உங்கள் பதக்கம் ஒரு பவுணுக்குள்ளேயே முடியும்.

ஒன்றை மட்டும் பத்தரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கம்பிகள் கட்டையாக இருக்கட்டும், நுனிக்கு ஒரு சின்ன மணி வைக்கட்டும். இல்லாவிட்டால் தாலி கட்டுகிற நேரத்தில் கூறைச் சேலையில் கொளுவிக்கொண்டு நிற்கும்.