மகன் ஏறப்போகும் கப்பல் நல்ல கப்பலா?

கேள்வி: என் மகன் கப்பல் பயிற்சி முடித்திருக்கிறான். பனாமா கொடி பறக்கும் சரக்குக் கப்பலில் வேலை இருப்பதாகச் சொல்லி ஏஜென்ட் ஒருவர் 2 லட்சம் ரூபாய் கேட்கிறார். குடியாத்தத்தில் இருந்துகொண்டு அந்தக் கப்பலைப் பற்றி எப்படி விசாரிப்பது?

பதில்: பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். வேலை வாங்கித் தருவதற்காகக் கப்பல் பணியாளரிடம் காசு வாங்கவே கூடாது. கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் உரிமம் பெற்ற முகவர்களின் பட்டியல் இருக்கிறது. இவர் பெயர் அதில் இல்லையென்றால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

பெயர் இருந்தால், கப்பலின் அடையாளமான ஏழு இலக்க ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண்ணைக் கேளுங்கள். கப்பலின் பெயரும் கொடியும் முதலாளியும் மாறலாம். உடைக்கும்வரை அந்த எண் மாறாது. எண்ணைச் சொல்லத் தயங்குகிறவரை நான் நம்பமாட்டேன்.

சென்னை போன்ற துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களில் அரசு ஆய்வாளர்கள் ஏறிச் சோதிப்பதுண்டு. உயிர்காப்புப் படகின் இன்ஜின் கிளம்புகிறதா, தீயணைப்பு பம்பில் தண்ணீர் வருகிறதா, கடலில் விடும் கழிவுநீரில் எண்ணெய் பத்து லட்சத்தில் 15 பங்குக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சம்பளக் கணக்கையும் ஓய்வு நேரப் பதிவையும்கூடப் புரட்டுவார்கள். குறை பெரிதானால், சரிசெய்யும்வரை கப்பல் துறைமுகத்தைவிட்டு நகர முடியாது.

இந்த முடிவுகள் ரகசியமல்ல. இப்படிச் சோதிப்பதற்காக இந்தப் பகுதி நாடுகள் சேர்ந்து அமைத்த, கோவாவில் செயலகம் வைத்திருக்கும் இந்தியப் பெருங்கடல் ஒப்பந்த அமைப்பின் தளத்திலும், கப்பல்களின் பாதுகாப்பு விவரங்களைத் தரும், இலவசமாகப் பதிவு செய்துகொள்ளக்கூடிய ஈக்வாசிஸ் தளத்திலும் எண்ணைக் கொடுத்துத் தேடலாம்.

பனாமா கொடி, அதாவது பனாமாவில் பதிவான கப்பல் என்பதற்காகவே பயப்பட வேண்டாம். உலகின் மிகப் பெரிய கப்பல் பதிவேடுகளில் அதுவும் ஒன்று. இரண்டு மூன்று சில்லறைக் குறைகள் எந்தக் கப்பலிலும் இருக்கும். ஒரே குறை துறைமுகத்துக்குத் துறைமுகம் திரும்ப வருகிறதென்றால், முதலாளி செலவு செய்ய மறுக்கிறார் என்று அர்த்தம். சம்பளம், சாப்பாடு பற்றிய குறை பதிவாகியிருந்தால் மகனை அனுப்பாதீர்கள்.

ஏறிய பிறகு இரண்டு மாதம் சம்பளம் வராவிட்டால், கைவிடப்பட்ட பணியாளராகக் கருதி உதவி கோரலாம். நான்கு மாதம் வரையிலான சம்பள பாக்கியும் ஊர் திரும்பும் செலவும் கப்பல் முதலாளியின் நிதிக் காப்பீட்டிலிருந்து கிடைக்க வேண்டும். அந்தக் காப்பீட்டின் சான்றிதழ் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்கும். ஏறிய அன்றே அதைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.