மூசை ஏன் விரிசல் விடுகிறது? உருகிய உலோகம் பற்றி வாசகர் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. அதனால் ஈரத்தோடு தொடர்புள்ள கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உலோகத்தை உருக்கும் பாத்திரத்தைத் தொழிற்பேட்டையில் குருசிபிள் என்பார்கள், நகைப்பட்டறையில் மூசை என்பார்கள். நான் இங்கே மூசை என்றே எழுதுகிறேன்.

கப்பலூரில் அலுமினியம் காஸ்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். டீசல் உலை. புது கிராஃபைட் மூசை இருபது முறை உருக்குவதற்குள் விரிசல் விட்டுவிடுகிறது. கடைக்காரர், உங்கள் ஆட்கள் கையாளும் விதம்தான் காரணம் என்கிறார். நாங்கள் சரக்கு மோசம் என்கிறோம். யார் சொல்வது சரி?

விரிசல் எங்கே, எப்படி ஓடியிருக்கிறது என்று பார்த்தால் பாதி விடை தெரிந்துவிடும். விளிம்பிலிருந்து கீழ் நோக்கி நெடுக்காக ஓடியிருந்தால், இங்காட்டை (உலோகக் கட்டியை) உள்ளே இறுக்கமாகத் திணித்திருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். சூடேறும்போது அலுமினியம் மூசையைவிடப் பல மடங்கு அதிகமாக விரியும். குறுக்காக அடைத்து வைத்த கட்டி ஆப்பு போல வேலை செய்து சுவரைப் பிளந்துவிடும். கட்டிகளைத் தளர்வாக, நிற்க வைத்துத்தான் போட வேண்டும். அடியில் விரிசல் என்றால் கீழே இருக்கும் ஸ்டாண்டைப் பாருங்கள். மூசையின் அடியைவிடச் சின்னதாக இருக்கும், அல்லது சமமாக இருக்காது. ஒரு பக்கச் சுவர் மட்டும் மெலிந்திருந்தால் பர்னர் தீ நேராக அந்த இடத்தில் அடிக்கிறது என்று பொருள். தீ மூசையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், வயிற்றில் மோதக் கூடாது.

இந்த மூன்றும் இல்லையென்றால் எனக்கு வரும் சந்தேகம் ஈரம்தான். கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்த மூசை காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். சிமெண்ட் தரையில், சுவரை ஒட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு பெருகும். சுவருக்குள் சிக்கிய ஈரம் அப்படிப் பெருகினால் மூசை என்ன செய்யும், பாவம்! மரப்பலகை போட்டு, உலைக்குப் பக்கத்தில் உலர்ந்த இடத்தில் தனித்தனியாக வையுங்கள்.

புது மூசையை முதல் முறை சூடாக்குவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். 200 டிகிரி வரை மெதுவாக, பொறுமையாக. ஈரம் முழுக்க வெளியேறட்டும். அதற்குப் பிறகு தயங்காமல் வேகமாகச் செஞ்சூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். காரணம் இதுதான்: கிராஃபைட் கார்பன் என்பதால் சூட்டில் காற்று பட்டால் எரிந்து போகும். மூசையின் மேல் பூசியிருக்கும் கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு உருகிப் படர்ந்த பிறகுதான் அதற்குப் பாதுகாப்பு. கிளேஸ் உருகாத நடுச்சூட்டில் மணிக்கணக்கில் வைத்திருந்தால் மூசை உள்ளுக்குள்ளேயே கரைந்து பலம் இழக்கும். பயந்து பயந்து கடைசி வரை மெதுவாகச் சூடாக்கும் பட்டறைகளில் மூசை சீக்கிரம் போவதற்கு இதுவே காரணம். மூசையோடு வரும் குறிப்புத் தாளில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

அப்புறம், சாயங்காலம் வேலை முடிந்ததும் மிச்ச உலோகத்தை மூசையிலேயே உறைய விடாதீர்கள். மறுநாள் சூடாக்கும்போது அந்த அடிக்கட்டி விரிந்து பிளக்கும். கசடைப் பிரிக்கப் போடும் ஃப்ளக்ஸ் பொடியை உலோகம் முழுக்க உருகிய பின் போடுங்கள். முன்பே போட்டால் அது சுவரைத் தின்னும். இடுக்கி மூசையின் வயிற்றுக்குக் கீழே பிடிக்க வேண்டும், விளிம்பில் அல்ல. இத்தனையும் சரியாக இருந்தும் விரிசல் வந்தால், கடைக்காரரிடம் தைரியமாகச் சண்டை போடலாம்.

அதே மூசையில் ஒரு நாள் பித்தளை, ஒரு நாள் அலுமினியம் உருக்கலாமா? (திண்டுக்கல், பூட்டு உதிரிபாகம் வார்ப்பவர்)

வேண்டாம். சுவரில் ஒட்டிய மிச்சம் அடுத்த உருக்கைக் கெடுக்கும். பித்தளையில் கொஞ்சம் அலுமினியம் கலந்தாலே மேலே ஆடை கட்டி வார்ப்பில் மடிப்பு விழும். அளவிலும் கவனம் தேவை: 100 கிலோ பித்தளை பிடிக்கும் மூசையில் அலுமினியம் 30 கிலோவுக்குச் சுற்றித்தான் பிடிக்கும்.

தெற்கு ஆவணி மூல வீதியில் நகைப்பட்டறை. புது மண் மூசையில் தங்கம் ஒட்டிக்கொள்கிறது, சேதாரம் ஆகிறது. வெண்காரம் (போராக்ஸ்) எவ்வளவு போடலாம்?

உலோகம் போடுவதற்கு முன்பே மூசையைப் பழக்க வேண்டும். வெறும் மூசையைச் சிவக்கக் காய்ச்சி, வெண்காரத்தைத் தூவி, சுற்றிச் சுற்றிச் சாய்த்தால் உள்சுவர் முழுக்கக் கண்ணாடி போல ஒரு பூச்சு படரும். சுவரின் நுண்துளைகள் அடைபட்டால் தங்கம் மணியாகத் திரண்டு வழுக்கி வரும். ஆனால் வெண்காரம், மண் மூசையில் இருக்கும் சிலிக்காவைக் கரைக்கும் பொருள். ஒவ்வொரு உருக்குக்கும் அள்ளிப் போட்டால் அடி ஓட்டையாகிவிடும். மெல்லிய பூச்சு போதும்.

வெள்ளி 962 டிகிரியில் உருகும், தங்கம் 1,064 டிகிரியில். சூட்டில் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஒரே மூசையில் இரண்டையும் உருக்காதீர்கள். சுவரில் தங்கிய வெள்ளிப் பொட்டு தங்கத்தின் மாற்றை (தூய்மையை) குறைத்துவிடும். ஹால்மார்க் காலத்தில் அது உங்கள் பெயருக்கே இழுக்கு. தங்கம், வெள்ளி, பற்றவைக்கும் பற்றுப்பொடி மூன்றுக்கும் தனித்தனி மூசை, அடையாளம் எழுதி வையுங்கள். யாராவது பிளாட்டினம் கொண்டுவந்தால் கிராஃபைட் மூசையைத் தொடாதீர்கள். கார்பனை உறிஞ்சிப் பிளாட்டினம் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும்.

செராமிக் ஃபில்டரைக் கழுவித் திரும்பப் போடலாமா?

கூடாது. உருகிய உலோகத்தை வடிகட்டும் அந்தத் தேன்கூடு போன்ற ஃபில்டர், பஞ்சு ஃபோமைச் செராமிக் குழம்பில் முக்கி எடுத்து, சுட்டு, பஞ்சு எரிந்த பின் மிஞ்சும் எலும்புக்கூடு. ஒரு முறை உலோகம் பாய்ந்ததும் துளைகளில் கசடும் உறைந்த உலோகமும் நிரம்பிவிடும். கழுவி எடுக்க வழியே இல்லை. உடைந்த துண்டு வார்ப்புக்குள் போனால் லேத்தில் டூல் முனை போய்விடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அலுமினியத்துக்கு அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) ஃபில்டர், வார்ப்பிரும்புக்குச் சிலிக்கான் கார்பைடு, எஃகுக்கு ஸிர்கோனியா. விலை குறைவு என்று மாற்றிப் போட்டால் ஃபில்டர் சூடு தாங்காமல் உடைந்து அச்சுக்குள் போய்விடும்.

மதுரையில் பொறியியல் படிக்கிறேன். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. இரும்பு உருகும் சூட்டில் பாதிகூட இல்லை. பிறகு ஏன் அதற்கு இவ்வளவு விலையுயர்ந்த செராமிக்? சிவகங்கை கிராஃபைட் இதற்கெல்லாம் உதவுமா?

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, தம்பி. அலுமினியத்தின் தொல்லை சூட்டில் இல்லை, அதன் ஆக்சிஜன் பசியில் இருக்கிறது. சிலிக்கா நிறைந்த செங்கல்லைத் தொட்டால் அதிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கி அலுமினா ஆகிவிடும். சிலிக்கான் தனியாகப் பிரிந்து உலோகத்தில் கலக்கும். உலைச்சுவரில் கறுப்புக் கட்டி கட்டியாக வளர்ந்து, கடப்பாறையால் தட்டினாலும் வராமல் நிற்பது அதுதான். இதைத் தடுக்க உலைப்பூச்சில் பேரியம் சல்பேட் சேர்க்கிறார்கள். வயிற்று எக்ஸ்ரேக்கு முன் குடிக்கக் கொடுக்கும் வெள்ளைக் குழம்பும் இதே பொருள்தான். அலுமினியம் டைட்டனேட், சிலிக்கான் நைட்ரைடு ஆகியவை உருகிய அலுமினியத்தில் நனைவதில்லை. தாமரை இலையில் தண்ணீர் போல உருண்டுவிடும். திடீர்ச் சூட்டையும் தாங்கும். குறைந்த அழுத்தத்தில் உலோகத்தைக் கீழிருந்து அச்சுக்குள் ஏற்றும் லோ பிரஷர் டை காஸ்டிங்கில், உலோகம் மேலேறும் குழாயை இவற்றால் செய்வது அதனால்தான்.

உருகிய உலோகத்தை எடுத்து ஊற்றும் கலத்தை லேடில் என்பார்கள். இரும்பு லேடில் மலிவாயிற்றே என்று கேட்பாய். இரும்பு அலுமினியத்தில் மெல்லக் கரையும். கரைந்த இரும்பு வார்ப்புக்குள் ஊசி ஊசியாகப் படிந்து அதை நொறுங்க வைக்கும். இரும்பு லேடில்தான் இருக்கிறது என்றால் போரான் நைட்ரைடோ ஸிர்கான் பூச்சோ கட்டாயம். அந்த ஸிர்கான் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைப்பது.

சிவகங்கையில் கிடைப்பது செதில் கிராஃபைட், மூசைக்கு ஏற்ற வகை. மூசையை வனையும்போது செதில்கள் சுவரோடு படிந்து நிற்கும், சூட்டை விரைவாகக் கடத்தும். வெட்டியெடுக்கும் கல்லில் கார்பன் குறைவு என்பதால் அரைத்துச் சுத்திகரித்துத்தான் பயன்படுத்த முடியும். தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமினின் சுத்திகரிப்பு ஆலை அங்கேயே இருக்கிறது. ஒரு நாள் அனுமதி வாங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வா. பழங்காலத்தில் தென்னிந்தியாவில் எஃகு செய்த மூசைகளில் களிமண்ணோடு உமி கலந்திருந்தார்கள். கருகிய உமியின் கார்பன்தான் அந்த மூசைக்குக் கறுப்பு நிறமும் பலமும் கொடுத்தது. இன்றைக்கும் எஃகு ஆலைகளில் லேடிலின் மேல் சூடு ஆறாமலிருக்க உமிச்சாம்பல் தூவுகிறார்கள்.

உருகிய உலோகம் தரையில் சிந்தினால் என்ன செய்வது?

வெறும் சிமெண்ட் தரைக்கு மேல் வைத்து உலோகம் ஊற்றுவதையே நிறுத்துங்கள். கான்கிரீட்டுக்குள் எப்போதும் ஈரம் உண்டு. உலோகம் விழுந்தால் வெடித்துத் தெறிக்கும். ஊற்றும் இடத்தில் உலர்ந்த மணல் பரப்புங்கள். சிந்தினால் தண்ணீரைத் தொடாதீர்கள், உலர்ந்த மணலைப் போட்டு மூடி ஆற விடுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு மழைநாளில், சூடாக்காத லேடிலை உலோகத்துக்குள் விட்டார்கள். ஒரே சத்தம். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அண்ணனின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துவிட்டது. லேடில், கிளறும் கம்பி, கசடு வழிக்கும் கரண்டி, இங்காட் அச்சு, எதுவானாலும் காய்ச்சாமல் உலோகத்தருகே கொண்டுபோகாதீர்கள்.

என் வீட்டுக்காரர் உலைக்குள் வெள்ளைப் பஞ்சு ஒட்டுகிற, பிரிக்கிற வேலை பார்க்கிறார். சட்டையெல்லாம் பொடியோடு வருகிறார். பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கின்றன. அது கெடுதலா? (அவனியாபுரம்)

கெடுதல்தான் அம்மா, கேட்டது நல்லது. அது உலைச் சூடு வெளியேறாமல் தடுக்கும் செராமிக் ஃபைபர். அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலுக்குள் போகக்கூடியவை. புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. புதுப் பஞ்சைவிடப் பழையதைப் பிரிக்கும் வேலை மோசம். நெடுநாள் கடும் சூட்டில் இருந்த பஞ்சில் கிறிஸ்டோபலைட் என்ற படிகச் சிலிக்கா உண்டாகியிருக்கும். அதன் தூசி சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் தரும், புற்றுநோயும் தரும்.

துணியை மூக்கில் கட்டுவது போதாது. முகத்தோடு ஒட்டி நிற்கும் N95 வகை அல்லது அதைவிட உயர்ந்த முகமூடி வேண்டும். உலை ஆறிய பின், பிரிப்பதற்கு முன் பஞ்சை நனைக்க வேண்டும், துடைப்பத்தால் கூட்டக் கூடாது. முதலாளியிடம் கேட்கத் தயங்க வேண்டாம், இது அவருடைய கடமை. உடம்பில் சுலபமாகக் கரையும் வகைப் பஞ்சும் கடையில் கிடைக்கிறது. பல உலைகளுக்கு அதுவே போதும். இஎஸ்ஐ அட்டை இருந்தால் மருத்துவரிடம் இந்த வேலையைச் சொல்லி நெஞ்சுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

வேலைச் சட்டையைப் பட்டறையிலேயே மாற்றிவிட்டு வரட்டும். வீட்டுக்குக் கொண்டுவந்தால் உதறாதீர்கள். தண்ணீரில் நனைத்து, பிள்ளைகள் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். அவர் குளித்து முடிக்கும் வரை பிள்ளைகளைப் பிடித்து வையுங்கள்.